கெமிஸ்ட்ரி அண்ணாச்சி

ஜூலை 3, புதன்

கல்லூரியில் முதல் நாள். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று வீராப்பாகத்தான் இந்த நோட்டைத் திறந்தேன். முதல் வரியிலேயே எதை விடுவது, எதை எழுதுவது என்று யோசனை வந்துவிட்டது.

காலையில் அப்பா டிவிஎஸ் வண்டியில் கொண்டு விட்டார். கல்லூரிக்கு ஒரு தெரு முன்னால், ஜெராக்ஸ் கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, "இங்கனயே எறங்கிக்கிடுதியா? கேட்டுப் பக்கம் ஒரே கூட்டமா கெடக்கும்" என்றார். நானே அதைக் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் முந்திக்கொண்டு சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. இறங்கி நடந்தேன். பத்து நிமிடம் கழித்து அப்பாவும் பின்வாசல் வழியாக உள்ளே வந்திருப்பார். அவர் வேலை பார்ப்பதும் இதே கல்லூரிதான். வேதியியல் ஆய்வகத்தில் அட்டெண்டர். இருபத்திரண்டு வருடமாக.

நான் சேர்ந்திருப்பது விலங்கியல். அதற்குத் துணைப்பாடமாக, அதாவது அலைடாக, கெமிஸ்ட்ரியோ கம்ப்யூட்டரோ எடுக்க வேண்டும். கெமிஸ்ட்ரி எடுத்திருக்கிறேன். பயோகெமிஸ்ட்ரியில் மேல்படிப்பு படிப்பது பத்தாம் வகுப்பிலிருந்து என் ஆசை. இந்த அலைடு இல்லாமல் அங்கே சேர முடியாது. அலைடை மாற்ற நினைப்பவர்கள் 23ஆம் தேதிக்குள் மாற்றலாம், பிறகு மூன்று வருடத்துக்கும் அதேதான் என்று அரங்கத்தில் வைத்துச் சொன்னார்கள். மாற்றலாம் என்று கேட்டதும் எனக்கு ஏன் அவ்வளவு நிம்மதி என்று தெரியவில்லை. மாற்றும் எண்ணமே எனக்கு இல்லை.

ஜூலை 4, வியாழன்

பக்கத்து இடத்தில் உட்காருகிறவள் பெயர் பானு. மேலப்பாளையம். பேச ஆரம்பித்தால் மூச்சு விடுவதில்லை. அரை மணி நேரத்தில் அவள் வாப்பா சவூதியில் ஏசி மெக்கானிக் என்பதும், அவள் உம்மாவுக்கு எந்தெந்தப் பழம் ஒத்துக்கொள்ளாது என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க வாப்பா என்ன செய்றாங்க?" என்று கேட்டாள்.

"கம்பெனில சூப்பர்வைசர்."

"என்ன கம்பெனி?"

"கெமிக்கல்."

முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

ஜூலை 5, வெள்ளி

முதல் பிராக்டிகல். செவ்வாயும் வெள்ளியும் மதியம் இரண்டு மணிக்கு.

ஆய்வக ஸ்டோருக்கு ஒரு ஜன்னல். அதன் வழியாகத்தான் சாமான் கொடுப்பார்கள். முப்பது பேரும் நம்பர்படி வரிசையில் நின்றோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் காக்கிச் சட்டையில் அப்பா, முன்னால் ஒரு பதிவேடு. எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். சீனியர் அக்காக்கள், அலுவலகத்தார், எல்லாருக்கும் அவர் கெமிஸ்ட்ரி அண்ணாச்சி. கோயில்பிள்ளை என்று ஒரு பெயர் இருப்பது மாணவிகள் யாருக்கும் தெரியாது போலிருக்கிறது.

வரிசை நகர்ந்தது. என்னைப் பார்த்ததும் வீட்டில் கூப்பிடுகிற மாதிரி "வாட்டி" என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு பயம். என் முறை வந்தது.

"நம்பரு?"

"பதினேழு."

"பேரு?"

என் பெயரை என்னிடம் கேட்டார். நான் பிறந்தபோது வேதப்புத்தகத்தைத் தேடி அவரே வைத்த பெயர்.

"ஹெப்சிபா."

எழுதிக்கொண்டார். "இந்தாங்கம்மா. பியூரெட்ட பாத்துப் பிடிங்க, நுனி ஒடைஞ்சிரும்."

இந்தாங்க, பிடிங்க. எனக்கு! அந்த நீளக் கண்ணாடிக் குழாயை வாங்கிக்கொண்டு மேசைக்கு வந்தேன். தப்பித்தோம் என்று இருந்தது. தப்பித்த சந்தோஷம் மட்டும் வரவில்லை.

இதைவிடக் கூத்து வீட்டில் நடந்தது. சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே அப்பா, "இன்னைக்கு லேப்ல என்ன செய்யச் சொன்னாவ?" என்று கேட்டார். அங்கேயே இல்லாதவர் மாதிரி. நானும் மேசை எப்படி இருந்தது, குழாயில் தண்ணீர் எப்படி வந்தது என்று அவருடைய ஆய்வகத்தை அவருக்கே விவரித்தேன். அவரும் "அப்படியா, அப்படியா" என்று கேட்டார். அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஜூலை 6, சனி

மூன்று நாளைக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வந்தது. ஏழு குடம், இரண்டு டிரம், ஒரு அண்டா. முதுகு விட்டுப்போயிற்று.

அப்பா தன் காக்கிச் சட்டையோடு சேர்த்து என் வெள்ளைக் கோட்டையும் இஸ்திரி போட்டு வைத்திருந்தார். நான் கேட்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

கெமிஸ்ட்ரி வகுப்பில் சுகிர்தா மேடம் மோல் கணக்குப் போட்டார்கள். நன்றாகத்தான் நடத்துகிறார்கள். எனக்குத்தான் ஒன்றும் ஏறவில்லை. கரும்பலகையைப் பார்த்தால் ஸ்டோர் ஜன்னல் தெரிகிறது.

வீட்டில் பேச்சை எடுத்தேன். "லேப்ல அந்த நாத்தம் தாங்க முடியலப்பா. தலைவலிக்கி. கம்ப்யூட்டருக்கு மாறிரலாமான்னு இருக்கு."

"எந்த நாத்தம்?" என்றார் அப்பா.

"முட்டை அழுகுன மாதிரி ஒண்ணு."

"ம். அது கிப்ஸ் அப்பரேட்டஸ், கேஸ் உண்டாக்குத ஜாடி." மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மாதான் விடவில்லை. "ஏட்டி, உங்கப்பா சட்டைல அந்த வாடைய மோந்துதான பதினெட்டு வருசமா வளந்த? அப்பல்லாம் வராத தலைவலி இப்ப எங்கருந்து வந்துச்சு?"

"சட்டைல இருக்கது வேற, லேப்ல இருக்கது வேற" என்றேன். எனக்கே அது உளறலாகப் பட்டது. ஆனால் இன்று மதியம் நிஜமாகவே தலை வலித்தது.

ஜூலை 9, செவ்வாய்

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாவிட்டால் அது மண்டைக்குள்ளேயே கிடந்து உருளும்.

டைட்ரேஷன். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரே ஒரு சொட்டில் குடுவையிலிருக்கும் தண்ணீர் வெளிறிய சிவப்பாக மாறுகிற இடத்தைப் பிடிக்க வேண்டும். எல்லாருக்கும் ரோஜா இதழ் நிறம் வந்தபோது எனக்கு மட்டும் ரோஸ்மில்க் நிறம் வந்தது. மூன்று தடவை. அதற்குள் கரைசலை அளந்து எடுக்கிற என் பிப்பெட் குழாய் அடைத்துக்கொண்டது.

மாற்று பிப்பெட் வேண்டும். ஸ்டோர் ஜன்னலுக்குப் போனேன். அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள். கூப்பிட வேண்டும். தொண்டையைக் கனைத்துப் பார்த்தேன், திரும்பவில்லை. ஜன்னல் கட்டையைத் தட்டினேன், கேட்கவில்லை. "கூப்பிடு, நேரமாச்சு" என்றாள் பின்னால் நின்றவள்.

"அண்ணாச்சி" என்றேன்.

அப்பாவின் கை புட்டி மேல் அப்படியே நின்றது. ஒரு நொடிதான். பிறகு திரும்பி, என் முகத்தைப் பார்க்காமல் என் கையிலிருந்த பிப்பெட்டைப் பார்த்து, "அடைச்சிக்கிட்டா? வேற தாரேன், இருங்க" என்றார். கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அம்மா வைத்த புளிக்குழம்பு நன்றாக இருக்கிறது என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். அவர் சாப்பாட்டைப் பற்றி எதுவும் சொல்லுகிற ஆளில்லை.

ஜூலை 10, புதன்

பெற்ற தகப்பனை அண்ணாச்சி என்று கூப்பிட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூலை 12, வெள்ளி

ஆய்வகத்தில் இன்று நாற்றமே இல்லை. கிப்ஸ் அப்பரேட்டஸ் பின்வராந்தாவுக்குப் போயிருக்கிறது. இரண்டு வருடமாக ஓடாத எக்ஸாஸ்ட் விசிறி ஓடுகிறது. காலை ஏழு மணிக்கே அண்ணாச்சி வந்து எலக்ட்ரீசியன் பக்கத்திலேயே நின்று வேலையை முடிக்க வைத்ததாக ஒரு சீனியர் அக்கா சொன்னதைப் பானு என்னிடம் சொன்னாள். ஏதோ ஆய்வுக்குழு வரப்போகிறது போலிருக்கிறது. அதற்குத்தான் இந்தத் தடபுடல் எல்லாம் என்று நினைக்கிறேன்.

எனக்குத்தான் சங்கடம். தலைவலி என்ற காரணத்தை இனிமேல் சொல்ல முடியாது.

இன்னொன்றும் நடந்தது. அடுத்த மேசை ஆர்த்தி, அமிலம் கொண்டுவரத் தாமதமானது என்று, "என்ன அண்ணாச்சி, தூங்கிட்டீங்களா?" என்று சத்தமாகக் கேட்டாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்பா "இந்தா வந்துட்டேம்மா" என்று ஓடினார். ஓடினார் என்றால் நிஜமாகவே ஓடினார். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது.

பானுவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்க வாப்பா வயசு இருக்கும்ல அவுங்களுக்கு? வாய அடக்கிப் பேசு" என்று ஆர்த்தியைப் பிடித்து உலுக்கிவிட்டாள். நான் குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய குடுவையையே மறுபடியும் கழுவினேன். எனக்கும் கோபம் வந்தது. வாயைத் திறந்தால் என்ன சொல் வெளியே வரும் என்று எனக்கே தெரியாததால் திறக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஐயரம்மா, எங்கள் போதகரின் மனைவி, பிடித்துக்கொண்டார்கள். "ஹெப்சி, அப்பா இருக்க எடத்துலயே படிக்கிய. எவ்வளவு தைரியமா இருக்கும், என்னா?"

நான் சிரித்து வைத்தேன். அப்பா எனக்காகப் பதில் சொன்னார். "அவ கிளாஸு வேற பக்கம்மா. நாங்க பாத்துக்கிடவே மாட்டோம்."

கோயில் வளாகத்தில் நின்றுகொண்டு என் அப்பா பொய் சொன்னார். என்னால்.

வீட்டுக்கு வந்து துணி காயப்போடும்போது அம்மா கேட்டாள். "நீங்க ரெண்டு பேரும் என்ன நாடகம் ஆடுதிய?"

"அப்பாட்ட கேளுங்க. அவங்கதான் மொதல்ல என்னைய தெரியாத மாதிரி நின்னாங்க."

"அவியட்ட கேட்டா, அவளுக்குத் தோதா இருக்கட்டும்ங்காவ. ஒனக்குத் தோதாவா இருக்கு?"

தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை. அப்பா என்னைத் தெரியாதவர் மாதிரி நடந்துகொண்டால் நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதி பத்து நிமிடத்தில் அவர் மேல் ஆத்திரமாக மாறுகிறது. ஆத்திரம் வீடு வந்து சேர்வதற்குள் என் மேலேயே திரும்பிவிடுகிறது. இதற்கு எந்த டாக்டரிடம் போவது?

ஜூலை 16, செவ்வாய்

அப்பா எல்லார் மேசைக்கும் வந்தார். பர்னர் ஏற்றிக் கொடுத்தார், ஸ்டாண்டு ஆடினால் அட்டை மடித்து வைத்தார். எங்கள் மேசையை மட்டும் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனார். ஒரு தடவை என்றால் தற்செயல். நான் எண்ணினேன், ஐந்து தடவை.

"அண்ணாச்சிக்கு நம்ம மேல என்ன கோவம்?" என்றாள் பானு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அமிலப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். புகையே இல்லை.

வகுப்பு முடிந்து நேரே அலுவலகம் போய் அலைடு மாற்றும் படிவம் வாங்கிவிட்டேன். போதும். கம்ப்யூட்டர் அறையில் ஜன்னல் கிடையாது, அண்ணாச்சி கிடையாது. பயோகெமிஸ்ட்ரி இல்லாவிட்டால் உலகம் முடிந்துவிடாது. எத்தனையோ பேர் எத்தனையோ படிக்கிறார்கள்.

ஜூலை 17, புதன்

முஹர்ரம் விடுமுறை. படிவத்தில் "மாற்றத்துக்கான காரணம்" என்று மூன்று கோடு விட்டிருக்கிறார்கள். பென்சிலால் எழுதி எழுதி அழித்ததில் தாள் நைந்துவிட்டது. கடைசியில் "பாடத்தில் ஆர்வம் இல்லை" என்று பேனாவால் எழுதினேன். எழுதி முடித்ததும் என் ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி புத்தகத்தை எடுத்து அரை மணி நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 18, வியாழன்

படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். சாயங்காலம் அப்பா முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் நீட்டினேன்.

முழுவதும் வாசித்தார். காரணம் எழுதிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"பயோகெமிஸ்ட்ரி வேணும்னு சொல்லிட்டிருந்தியே?"

"இப்ப வேண்டாம்பா."

"கொஞ்சம் பொறுத்துப் பாரேம்ட்டி. அடுத்த மாசம் லேபுக்கு வேற ஆள் வந்தாலும் வருவாவ."

அவர் எதற்கு அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. "கடைசித் தேதி இருவத்தி மூணுப்பா" என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரு சத்தம் போட்டிருந்தால்கூட நான் அழுது தீர்த்திருப்பேன். பேனாவை எடுத்து, பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டார். பெயருக்குக் கீழே "பெற்றோரின் பணி" என்று ஒரு கட்டம். அங்கே வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"இத நீயே எழுதிக்கோம்மா" என்றார். "ஒனக்கு எப்படித் தோதோ அப்படி எழுதிக்கோ."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொன்னால் திருப்பிப் பேசியிருக்கலாம்.

முதல் நாள் எழுதாமல் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். மே மாதம் சேர்க்கைப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். அப்பாவிடம் கீழே கையெழுத்து மட்டும் வாங்கி, மற்றதைக் கல்லூரி மரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன். பக்கத்தில் ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா பொறியாளர். எட்டிப் பார்த்தேன், அவளும் என் தாளை எட்டிப் பார்த்தாள். பெற்றோரின் பணி என்ற கட்டத்தில் நான் "சூப்பர்வைசர், தனியார் நிறுவனம்" என்று எழுதினேன். அவள் யாரென்றுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் இந்தக் கல்லூரியில் சேரவேயில்லை. அந்த ஒருத்தியின் ஒரு பார்வைக்காக எழுதினேன்.

அதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அப்பா பார்த்திருக்கிறாரா? எப்படிப் பார்த்திருப்பார்? பார்க்காமல் எப்படி இப்படிச் சொல்வார்?

ஜூலை 19, வெள்ளி

படிவத்தில் சுகிர்தா மேடமும் கையெழுத்துப் போட வேண்டும். பிராக்டிகலுக்கு முன்னால் அவர்கள் அறைக்குப் போனேன்.

மேடம் படிவத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "பணி எழுதலையே?"

"எழுதிருதேன் மேடம்."

"உக்காரு ஹெப்சிபா." கதவைச் சாத்தினார்கள். "நான் சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன்னு உங்கப்பாகிட்ட சொல்லியிருக்கேன். ஆனா நீ இந்தத் தாளைக் கொண்டு வந்து நிக்கும்போது எனக்கு வேற வழியில்ல."

உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேனா, கேட்க நினைத்தேனா, அதுவும் நினைவில்லை.

"தெரியுமாவா? உனக்கு சீட் கெடைச்ச அன்னைக்கு டிபார்ட்மெண்ட் முழுக்க லட்டு கொடுத்தார். என் பொண்ணு நம்ம லேபுக்கு வரப்போறா மேடம், நம்ம லேபுக்கு வரப்போறான்னு ஒரே பேச்சு. எங்களுக்கே போதும் போதும்னு ஆயிடுச்சு. அடுத்த வாரம் அலைடு லிஸ்ட் போடுறதுக்கு ஆபீஸ்ல இருந்து சேர்க்கைப் படிவக் கட்டை எடுத்துட்டு வந்தார். கொண்டுவந்து வச்சிட்டு, 'மேடம், பிள்ளை கூச்சப்படும். நீங்க யாரும் காட்டிக்கிடாதீங்க'ன்னார். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல."

நான் மேசையின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். திங்கக்கிழமை பிரின்சிபால்கிட்ட கடிதம் கொடுத்திருக்கார். தன்னை பாட்டனி லேபுக்கு மாத்தச் சொல்லி. எங்ககிட்ட சொன்ன காரணம், முழங்கால் வலியாம். பாட்டனி லேப் ரெண்டாவது மாடி."

வெளியே பானு கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேடம் கையெழுத்துப் போட்டுப் படிவத்தை என் கையில் கொடுத்தார்கள். "போட்டுட்டேன். கொடுக்கிறதும் கொடுக்காததும் உன் இஷ்டம். செவ்வாய்க்கிழமைதான் பிரின்சிபால் அந்தக் கடிதத்தையும் பார்ப்பாங்க."

பிராக்டிகலில் மூன்று தடவையும் ரோஸ்மில்க்.

ஜூலை 20, சனி

நான் அலைடை மாற்றினால் அப்பா தன் ஆய்வகத்திலேயே இருப்பார். நான் ஆசைப்பட்ட படிப்பு போகும். மாற்றாவிட்டால் அப்பா இரண்டு மாடி ஏறி, செடிகொடிகளுக்கு நடுவில் போய் நிற்பார், நான் படிப்பேன். மாற்றாமல், அவரும் போகாமல் இருந்தால், மூன்று வருடம் நம்பரு பதினேழு, இந்தாங்கம்மா, அண்ணாச்சி.

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். யோசித்து யோசித்து அரிசியில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அம்மா திட்டினாள். அப்பா நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்.

ஜூலை 21, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றேன். அப்பா வரும்போது இளநீர் வாங்கிக்கொண்டு வந்தார். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை என்று தெரிந்தும், "லேசா இருக்கு, படுத்துக்கோ" என்றார்.

இந்த வீட்டில் எல்லாரும் எல்லாருக்காகவும் பொய் சொல்கிறோம். ஆரம்பித்து வைத்தவள் நான்.

ஜூலை 22, திங்கள்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேர்க்கைப் படிவத்தில் எழுதியதைச் சொல்லும்போது அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"அவிய அத பாத்துட்டு அன்னைக்கு ராத்திரி சாப்பிடல" என்றாள் கடைசியில். "வயிறு சரியில்லன்னாவ. இப்பத்தான தெரியுது."

"நான் என்னம்மா செய்ய?"

"எனக்கு என்னட்டி தெரியும்? நான் காலேஜுக்குள்ள போனதுகூட கெடையாது."

பிறகு, "அவிய வெக்கப்படுத வேல ஒண்ணும் பாக்கலன்னு அவியளுக்குத் தெரியும். ஒனக்குத் தெரியுமான்னுதான் அவியளுக்குத் தெரியல" என்றாள்.

தெரியும் அம்மா. எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். எனக்குப் புரியாமல் இருப்பது அதுதான்.

ஜூலை 23, செவ்வாய்

பிராக்டிகல் முடிந்த பிறகு பானு என்னோடு சேர்ந்து வரவில்லை. "அண்ணாச்சியப் பத்தி ஒங்கிட்டயே எவ்வளவு பேசியிருக்கேன். நீ ஒரு வார்த்தை சொன்னியா? நீ என்ன பொண்ணு?" என்று கேட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டாள். அவள் கேட்டது நியாயம். நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏற்றுக்கொள்வாளா என்று தெரியாது. ஆர்த்தியும் மற்றவர்களும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்றும் தெரியாது. அப்பாவின் மாற்றல் கடிதம் என்ன ஆயிற்று என்றும் தெரியாது. மோல் கணக்கு இன்னும் விளங்கவில்லை. இதையெல்லாம் முதலில் எழுதிவிடுகிறேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று பிற்பாடு வாசிக்கும்போது நானே நினைத்துவிடக் கூடாது.

மதியம் பிராக்டிகல் ஆரம்பித்து அரை மணி நேரம் ஆனதும், மேடத்திடம் சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். கையில் அலைடு மாற்றும் படிவம். பணி என்ற கட்டம் காலியாக இருந்தது. ஜன்னலில் நின்று அதை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன். பேனாவைத் திறந்து "ஆய்வக உதவியாளர், இதே கல்லூரி" என்று எழுதினேன். எழுதி முடித்து மேலே பார்த்தால் "பாடத்தில் ஆர்வம் இல்லை" என்று இருந்தது. ஒரு தாளில் ஒரு பொய்யும் ஒரு உண்மையும். இந்த உண்மையை எழுதிவிட்ட பிறகு அந்தப் பொய்க்கு என்ன வேலை என்று தோன்றியது. எனக்கு அந்தப் பாடம் வேண்டும். எத்தனை ரோஸ்மில்க் வந்தாலும் வேண்டும்.

"கொடும்மா, மூணு மணியோட முடிஞ்சிரும்" என்றார் எழுத்தர்.

"இது வேண்டாம் சார். என் சேர்க்கைப் படிவத்துல ஒண்ணு தப்பா எழுதிட்டேன். அத திருத்தணும்."

"என்ன தப்பு?"

"அப்பா வேலை."

அவர் அலுத்துக்கொண்டார். "அப்பா நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்மா. நாளைக்குக் கூட்டிட்டு வா."

"இங்கதான் இருக்காங்க சார்" என்றேன். "இப்பவே கூட்டிட்டு வாரேன்."

தாழ்வாரத்தில் ஓடவில்லை. ஓடினால் பயந்துவிடுவேன் போலிருந்தது, நடந்தேன். ஆய்வக வாசலில் வந்து நின்றேன். முப்பது பேர், நாற்பது பர்னர், தண்ணீர்ச் சத்தம். அப்பா நடு மேசையில் யாருக்கோ பியூரெட்டை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். அப்பாவும் திரும்பினார். என்னைப் பார்த்துவிட்டு, என் பின்னால் தாழ்வாரத்தைப் பார்த்தார். யாரோ ஒரு பிள்ளையின் அப்பா வந்திருக்கிறார், அவரைத்தான் நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

இன்னொரு தடவை, சத்தமாகக் கூப்பிட்டேன். "அப்பா, ஒங்களத்தான். ஆபீஸ்ல வரச் சொல்லுதாவ."

அப்பா பியூரெட்டின் திருகை மெதுவாக இறுக்கினார். அது விழாது என்று பார்த்துக்கொண்டார். துண்டில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"எதுக்குட்டி?" என்றார்.

அவ்வளவு பேர் முன்னால் "ட்டி" என்று வந்துவிட்டது அவர் வாயில். அதைத் திரும்ப எடுக்கவும் முயலவில்லை.

"ஒரு படிவத்துல தப்பா எழுதிட்டேம்ப்பா. திருத்தணுமாம். ஒங்க கையெழுத்து வேணும்."

எந்தப் படிவம் என்று அவர் கேட்கவில்லை. சட்டைப்பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு என்னோடு நடந்தார்.